மில்லுக்குள் வந்த ஜவுளிக்கடை

குடியாத்தம் சாலையில் இருந்த நூல் மில்லில்தான் நானும் என் கணவரும் பழகினோம். நான் நூலைக் கோனில் சுற்றும் பிரிவு, அவர் நூல் நூற்கும் ஸ்பின்னிங். மிஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. சாப்பிட்டியா, தலைவலியா, வாசல்ல நில்லு, எல்லாவற்றுக்கும் கைச்சாடைதான். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவர் கேட்டதும் சாடையில்தான். எனக்கு உடனே புரியவில்லை. பாவம், எல்லார் எதிரிலும் திரும்பக் கேட்டார்.

மில்லை மூடியபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்தார். பசை வாடையில் மத்தியானச் சோறு இறங்காது. "மில்லு எப்படியும் தெறப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திறந்தார்கள். யாரோ வாங்கி, பழைய ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டு, மாடி கட்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்து, ஜவுளிக்கடை ஆக்கினார்கள். எனக்கு நைட்டி பிரிவில் வேலை கிடைத்தது. அவர் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருவார். வண்டியை எதிர்ப்பக்கமே நிறுத்திக்கொள்வார்.

மகளுக்குக் கல்யாணம் கூடியது. "இன்னாங்க, நம்ம பொண்ணுக்குத்தானே, உள்ள வாங்க" என்று, மகளோடு புடவை எடுக்கப் போன அன்றைக்கு, அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

"இன்னா இப்டி சில்லுனு கீது?" என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். மில்லாக இருந்தபோது, காற்றுப் பட்டால் நூல் அறுந்துபோகும் என்று ஜன்னலைக்கூடத் திறக்கவிடாத இடம் அது. அந்தப் புழுக்கத்தில்தான் அவர் வயசு போனது.

அவர் மிஷின் நின்ற பக்கம்தான் பட்டுப்புடவை. விற்பனைக்கு நின்ற பெண் நாற்காலி இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றாள்.

"இங்க நான் உக்காந்ததே இல்லம்மா" என்றார்.

அவள் புரியாமல் சிரித்தாள். மகள் மாம்பழ நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டினாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே போய்விட்டார். மகள் முகம் சுண்டிவிட்டது. புடவையை மடித்து வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னார்: "அந்த மாம்பழக் கலர் அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"அங்கியே சொல்லக் கூடாதா?"

மறுநாள் வேலைக்குப் போனதும் முதலில் அதைத்தான் தேடினேன். விற்றுப்போயிருந்தது. பிறகு வேலூரில் வேறொன்று எடுத்தோம், நானும் மகளும் மட்டும்.