ஸ்ட்ரிப்பின் இரண்டாவது கட்டம்

பொறாமை உடம்பில் எந்த இடத்தில் ஊறுகிறது என்று எங்கள் பாடநூலில் போட்டிருக்கவில்லை. கார்போஹைட்ரேட்டுக்கு ஓர் அத்தியாயம், புரதத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, என்சைமுக்கு ஒன்று என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள். நம் ஆட்களுக்கு அந்த இடம் எப்போதோ தெரிந்திருக்கிறது. வயிறு எரிகிறது என்கிறோம். எனக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பான ஆறாம் படிவம் முழுக்க எரிந்தது. ஒரே ஒருத்தியைப் பார்த்து.

அவள் என் சிநேகிதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா திகாம் பத்துவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். என் வீடு சுங்கை லாலாங்கில், செம்பனைக்கு நடுவே. அப்பா தோட்டத்து லோரி ஓட்டுகிறார். சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் அண்ணன் பீடோங்கில் கோழி எடுத்துக்கொண்டு திரும்பும்போது முச்சந்தியில் என்னையும் காடியில் ஏற்றிக்கொள்வார். காருக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். மூன்று பேருமாகச் சுங்கை பட்டாணிக்குப் போவோம். அங்கே ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு உயிரியல் டியூஷன். எட்டுப் பேர் படித்தோம், அதில் மூன்று பையன்கள். டீச்சர் பட்டம் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாதவர். எங்களைவிட அவருக்குத்தான் ஆர்வம் அதிகம்.

எரிச்சல் எந்த நாளில் பற்றிக்கொண்டது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சீனியைப் பெனடிக்ட் கரைசலில் போட்டுக் காய்ச்சினால் ஏன் நிறம் மாறுவதில்லை என்று டீச்சர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். சீனி என்பது குளுக்கோசும் பிரக்டோசும் கைகோத்து நிற்கும் மூலக்கூறு, கை விலகாத வரைக்கும் நீலம் நீலமாகவே இருக்கும், அமிலம் சேர்த்துக் காய்ச்சினால் விலகிவிடும் என்று ஒப்பித்தேன். முதல் நாளே உட்கார்ந்து மனப்பாடம் செய்தது. டீச்சர் "குட்" என்றார். அதற்குள் பக்கத்தில் இருந்தவள் வாயைத் திறந்தாள்.

"எங்க கடையில ரோஸ் சிராப் காய்ச்சறப்ப எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுவாங்க டீச்சர். இல்லாட்டி மறுநாளே சீனி கட்டிக்கும். இதான் காரணமா?"

டீச்சர் மார்க்கரைக் கீழே வைத்துவிட்டார். "இதத்தான்லா நான் எதிர்பார்க்கறேன். மத்தவங்க புக்க படிக்கறீங்க. இவ வீட்டையே படிக்கறா."

'மத்தவங்க' என்றால் நான்தான். காதில் புகை வந்தது. பொறாமைக்காரிக்குப் பாதிக் காதுதான் கேட்கும். அன்று பாராட்டு கேட்டது, எலுமிச்சம்பழம் கேட்கவில்லை. அதன் விலை பின்னால் தெரிந்தது.

அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய ரமலானும் ஒன்றாக வந்தன. டீச்சர் அதை விடுவாரா? ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும், சிறந்த ஆய்வு செய்தவரைப் பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு வாரம் அனுப்புவேன் என்று அறிவித்தார். அங்கே அவருக்கு ஒரு தோழி இருந்தார். ஒரே ஓர் இடம். என் பரம்பரையில் யாரும் ஆய்வுக்கூடத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. வெள்ளை அங்கி போட்டு நான் நிற்கும் படத்தை அம்மா வீட்டுச் சுவரில் மாட்டுவதுவரை கற்பனை செய்து முடித்திருந்தேன். எனக்கு அந்த இடம் வேண்டும். அதைவிட, அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

அவள் நோன்பை எடுத்துக்கொண்டாள். நான் விடுவேனா, ஒருசந்தியை எடுத்துக்கொண்டேன். தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான். சாப்பாடு வராவிட்டால் ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்த கிளைகோஜனை உடைத்துக் குளுக்கோஸ் கொடுக்கும். அது குறையக் குறைய உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது ஈரல் கீட்டோன் தயாரிக்கும், அதில் கொஞ்சம் சிறுநீரில் இறங்கும். மருந்துக்கடையில் விற்கும் ஸ்ட்ரிப்பை நனைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ட்ரிப்பில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று கீட்டோனுக்கு. வெளிர் நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாகி, போகப் போகக் கருஞ்சிவப்பாகும். இன்னொன்று குளுக்கோசுக்கு. சிறுநீரில் குளுக்கோஸ் இருந்தால் நீலம் பச்சையாகும். நல்ல உடம்புக்காரர்களுக்கு அது நீலமாகவே இருக்கும். எங்களுக்கு முதல் கட்டம் மட்டும் போதும் என்றார் டீச்சர். தினமும் நோன்பு திறக்கும் நேரமான மாலை ஏழரைக்குப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து, அதை அச்செடுத்து நோட்டில் ஒட்ட வேண்டும்.

முதல் வாரமே அவளுடைய கட்டம் லேசாகச் சிவந்தது. என்னுடையது வெள்ளைக்காரி மாதிரி வெளுத்தே கிடந்தது. ஏன் என்று புரிய எனக்கு எட்டு நாள் ஆனது. எங்கள் வீட்டு ஒருசந்தியில் மத்தியானம் ஒரு வேளை சோறு, மற்ற நேரமெல்லாம் தே ஓ. பால் சேர்க்காத தேநீர் தண்ணீருக்குச் சமம், அது ஒருசந்தியை முறிக்காது என்பது அம்மாவின் சட்டம். ஒரு குவளைக்கு மூன்று கரண்டி சீனி. ஒரு நாளைக்கு ஐந்து குவளை. ஆண்டவர் கணக்கில் அது நோன்பாக இருக்கலாம், என் ஈரல் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நேர்மையானவள் என்றால் தே ஓவை நிறுத்தியிருப்பாள், அல்லது அதையே எழுதி வைத்திருப்பாள். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் இருக்கிறது, அசிட்டோன் ஒரு கீட்டோன் என்று எங்கோ படித்திருந்தேன். பெரியம்மா மகளுடைய போத்தலை எடுத்து ஸ்ட்ரிப்பை முக்கினேன். அசையவில்லை. அந்தக் கட்டம் தேடுவது வேறொரு கீட்டோனை என்று பிறகுதான் படித்தேன். அரைகுறைப் படிப்பு ஆபத்து என்பார்கள். எனக்கு அதிலும் புத்தி வரவில்லை.

அன்று சனிக்கிழமை. மேசையில் ஒரு சிராப் பொட்டலம் இருந்தது. அவள் கொடுத்தது. நோன்பு தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை இறக்கிவிடும்போது கடைக்குக் காய்ச்சிய ரோஸ் சிராப்பைக் கெட்டியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். "ஒனக்குத்தான் குடிக்கறது தடையில்லியே," என்பாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத உதட்டோடு சொல்வாள். எனக்கோ, வீட்டுக்காரி வேலைக்காரிக்கு மிச்சம் கொடுப்பதுபோல் பட்டது. பொறாமைக் கண்ணுக்கு எதுதான் நேராகத் தெரிந்தது?

சிராப்பின் நிறமும் ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட இளஞ்சிவப்பும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. சிராப்பில் இருப்பது சீனி. இரண்டாவது கட்டத்தில் உள்ள என்சைம் குளுக்கோசை மட்டும்தான் தொடும், சீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இவ்வளவும் யோசித்துவிட்டுத்தான் முக்கினேன். முதல் கட்டம் அழகாகச் சிவந்தது. கூடவே இரண்டாவது கட்டம் பச்சையானது. ஸ்ட்ரிப் கெட்டுவிட்டது போல என்று நினைத்து, படத்தில் பச்சையை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டினேன். அன்றிலிருந்து தினமும் அதே வேலை. சிராப்பில் கலக்கும் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து நிறத்தை ஏற்றினேன். என் ஒருசந்தி அவளுடைய நோன்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை காடியில் அவள் என் கைப்பேசியைக் கேட்டாள். "ஒன் படமெல்லாம் காட்டேன், என்னோடது ஒரே மங்கலா இருக்கு." நான் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். நகர்த்திக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நிறுத்தினாள். விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் சிவப்பைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிகிறது என்று முடிவு செய்தேன். அந்தச் சந்தோஷம் மறக்க முடியாதது. அன்று இறங்கும்போது சிராப் தரவில்லை. நான்கு பேரீச்சம்பழத்தை எடுத்தவள், அதையும் யோசித்து உள்ளேயே வைத்துக்கொண்டு, ஒரு தண்ணீர் போத்தலை நீட்டினாள். கஞ்சத்தனமும் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். சிராப் எனக்கு வேண்டியிருந்தது, வெட்கமில்லாமல் ரமலான் பசாரில் போய் வாங்கிக்கொண்டேன்.

முடிவு நாள் வந்தது. அவள் முன்னால் நின்று அட்டவணையைக் காட்டினாள். நடுவில் ஏழு நாள் காலியாக இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். மாதவிலக்கு நாட்களில் அவர்கள் நோன்பு பிடிப்பதில்லை, விட்டதைப் பிறகு பிடித்து நிறைவு செய்வார்கள். படிவம் ஒன்றிலிருந்து கூடப் படிக்கிறேன், தெரியாமல் இருக்குமா? டீச்சர் அந்தக் காலி இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். நான் போகவிடவில்லை.

"நடுவுல ஏழு நாள் ஏன் இல்ல? நோன்பு பிடிக்கலியா?" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி. மூன்று பையன்கள் உட்கார்ந்திருக்கும் அறையில்.

பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான். அவள் காது மடல் சிவந்தது. என்னையே பார்த்தாள். ஏன் என்று கேட்கும் பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ஏழு நாளும் பிடிக்கல டீச்சர்," என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. "சாப்பிட்டேன். ஆனா அதே ஏழரைக்கு ஸ்ட்ரிப் பாத்தேன். கடைசிப் பக்கத்துல தனியா ஒட்டியிருக்கேன். காட்ட வேணாம்னு இருந்தேன்."

டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஏழு படங்கள். ஏழும் வெளிர் நிறம். "இதத்தான் மொதல்ல காட்டணும்," என்றார். "சாப்பிட்ட நாள் இல்லாம சாப்பிடாத நாளுக்கு என்ன அர்த்தம்? இதான்லா கன்ட்ரோல்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்ல கேள்வி கேட்டே. ஒன்னோட கன்ட்ரோல் எங்க?"

என்னிடம் இல்லை. என் நோட்டில் சாப்பிட்ட நாளும் கிடையாது, சாப்பிடாத நாளும் கிடையாது. பினாங்கு இடம் அவளுக்குப் போனது. கெடுவான் கேடு நினைப்பான். அந்தக் கேட்டை என் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் அவள் மாடிப்படியில் காத்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நானும் திருப்பிப் பேசலாம், சண்டையில் அழலாம். தயாராகத்தான் இறங்கினேன்.

"அப்படிக் கேட்டிருக்க வேணாம் நீ," என்றாள். "அத அப்புறம் பேசிக்கலாம். ஒரு வாரமா ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். எல்லாரும் இருந்தாங்க, அதான் கேக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒன் போன்ல பாத்தேன்டி. ரெண்டாவது கட்டம் எல்லாம் பச்சை. வெட்டிட்டுத்தான் ஒட்டியிருக்கே. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மறைக்கறியா? அம்மாகிட்டயாவது சொன்னியா?"

எனக்குப் புரியவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குளுக்கோசும் இருக்கு, கீட்டோனும் அவ்ளோ ஏறியிருக்கு. இனிப்பு நீர் முத்தினாத்தான் ரெண்டும் சேந்து வரும்னு படிச்சேன். சின்ன வயசுலயும் வருமாம். எங்க அத்தாவும் இப்படித்தான் யாருகிட்டயும் சொல்லாம இருந்தாங்க, கால்ல ரெண்டு விரல் போச்சு. அதான் ஒனக்குச் சிராப் தர்றத நிறுத்தினேன். அண்ணன் காடியில இருக்கு. வா, இப்பவே கிளினிக் போலாம். டீச்சருக்குக்கூட நான் சொல்லல."

அப்போதுதான் எனக்கு எலுமிச்சம்பழம் கேட்டது. காய்ச்சும்போது பிழிந்த புளிப்பு சீனியை உடைத்துக் குளுக்கோசை வெளியே விட்டிருக்கிறது. வருடத் தொடக்கத்தில் அவளே சொன்னதுதான், என் பக்கத்தில் உட்கார்ந்து.

பொய் சொல்லியிருக்கலாம். கிளினிக்குக்குப் போய் விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையாம் என்று சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவள் என் மணிக்கட்டை விடாமல் படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.

"அது சிராப்," என்றேன். "நான் சிராப்புல முக்கினேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப ஒனக்கு இனிப்பு நீர் இல்லியா?"

"இல்ல."

"நெசமா இல்லியே?"

"இல்லடி."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். முகமெல்லாம் நிம்மதி. நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உறைத்ததும் எழுந்து இறங்கிப் போனாள். காடி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் பஸ் ஏறினேன். அடுத்த சனிக்கிழமையும் பஸ்தான்.

இப்போது ஒரு கிளினிக் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் என் கையில் அதே ஸ்ட்ரிப்கள். வெள்ளை அங்கியும் கிடைத்துவிட்டது, அம்மா படத்தை மாட்டியும் விட்டாள். பினாங்கு இடத்தை நான் மறந்தே போனேன். எனக்கு மறக்காதது, கோபம் வருவதற்கு முன்னால் அவள் முகத்தில் வந்த அந்த நிம்மதி. எவ்வளவு யோசித்தாலும், யாருக்காகவும் என் முகத்தில் அது வந்ததாக ஞாபகம் இல்லை. வயிறு இன்னும் எரிகிறது, அதை நினைத்துத்தான்.