வயது ஏறாத வேன்

பிப்ரவரி 11, காலை 9.40. நல்ல வெயில், ஏரிக் காற்றில் உப்பு.

பழவேற்காடு மீன் ஏலக்கூடத்தின் வாசலில் என் பழைய வேனோடு நிற்கிறேன். சாலைமேல் ஏறியிருந்த ஏரித் தண்ணீரைக் கடந்ததிலிருந்து வேகமுள் பூஜ்யத்தை விட்டு எழவில்லை. வேகம் தெரியாததால், கால் வைக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோலும் பிடிக்கவில்லை. என் வலது முழங்கால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆக்சிலேட்டரை அழுத்தாது. அதற்காகவே அதைப் பொருத்திக்கொண்டேன். இன்னொரு முறை வழியில் நின்று போன் செய்தால் வேனை விற்றுவிடுவதாக மகன் சொல்லியிருக்கிறான்.

பக்கத்தில் இதே மாதிரி வேனில் மீன் ஏற்றும் ரோஸி, "இன்னா சார், போனையே பாத்துக்கினு கீறீங்க?" என்கிறார். விஷயத்தைச் சொல்கிறேன். அவருடைய டிரைவர் அடியில் படுத்துப் பார்த்து, ஸ்பீடு சென்சார் போய்விட்டது என்கிறார்.

"நம்ம வண்டிலேர்ந்து கயட்டி மாட்டிக் குடுப்பா," என்கிறார் ரோஸி.

"அப்புறம் உங்களுக்கு வேகம் எப்படியம்மா தெரியும்?"

"பொன்னேரி போறதுக்குள்ள மீன் ஐஸ் உருகிச்சுனா மெதுவா போறோம்னு அர்த்தம். கிலோமீட்டரும் ஓடாது. இனிமே எங்க வண்டிக்கு வயசே ஏறாது சார். உங்களுக்கு ஏறட்டும்."

திருப்பாலைவனம் சாலையில் முள் நாற்பதில் நிற்கிறது. க்ரூஸ் பிடித்ததும் காலை எடுத்துவிடுகிறேன். சற்று நேரத்தில் ரோஸியின் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டுகிறது. என்ன வேகம் என்று அதில் யாருக்கும் தெரியாது. அது கண்ணுக்கு மறையும்வரை என் முள்ளைப் பார்க்க மறந்துவிடுகிறேன்.

மகனுக்குப் போன் செய்யவில்லை. சென்சாருக்கு ரோஸியிடம் கொடுத்தது ஐந்நூறு, அவர் கட்டாயப்படுத்தி விற்ற நண்டுக்கு நானூற்று ஐம்பது. ஆக, தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.