‘அண்ணே’ என்று கூப்பிட்ட கொழுந்தியாள்

வள்ளியம்மை யாரையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டாள். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கீழ்ப் பிரிவின் பிள்ளைக் காம்பரா அவள் பொறுப்பில் இருந்தது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவாள். நடக்கிற பிள்ளைகளுக்குச் சோறூட்டுவாள். பிள்ளைகள் தூங்கிய பிறகு வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். புதிதாக யாராவது வந்தால் லயத்து வரிசை வீடுகளின் நாய்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வந்தவர் யார் வீட்டுக்குப் போகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், திரும்பும்போது அது கையில் இருக்கிறதா என்பதெல்லாம் பார்த்தபிறகுதான் உள்ளே போவாள்.

பதினாலு வயதில் அவளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்ன நடந்தது என்று லயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. என்ன கொண்டு வந்தாய் என்றுதான் கேட்டார்கள். பிறகு இரண்டு இடங்களிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ‘கொழும்புல இருந்த புள்ள’ என்று யாரோ காதில் போட, இரண்டும் நின்றுபோயின. வள்ளியம்மை அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. கூடப் பிறந்த தம்பி சிவஞானத்திடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தம்பி குடும்பம் அடுத்த காம்பராவில் இருந்தது. தம்பி மகள் துவாரகா இவள் ஆட்டிய தொட்டிலில் வளர்ந்தவள்.

பதுளையிலிருந்து ஸஹ்ரா என்ற பெண் வரத் தொடங்கியபோது வள்ளியம்மைக்கு முதலில் அவள்மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஸஹ்ராவின் வாப்பாவுக்குப் பதுளை பஜாரில் துணிக்கடை இருந்தது. வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போய் அடிபட்டு, ஏமாந்து, விற்கப்பட்டு வந்த பெண்களுக்கு உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, இன்னும் இரண்டு பெண்களோடு மாதம் ஒருமுறை வந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தாள். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொண்டுவந்தாள். வள்ளியம்மைக்கு அந்த பிஸ்கட்தான் உறுத்தியது. கடைக்காரர் மகளுக்கு இந்த மலையேறி வர என்ன தலையெழுத்து? கொழும்பு வீட்டு எஜமானி நோனாவும் முதல் நாள் பிஸ்கட்தான் கொடுத்தாள்.

அவள் தனக்குள் நினைத்ததோடு நிற்கவில்லை. பிள்ளையை விட வந்த தாய்மாரிடம் மெதுவாக, கூட்டத்துக்குப் போனால் பேரை எழுதி வாங்குவார்கள், பிறகு அந்தப் பேரை வைத்து என்ன செய்வார்களோ என்று போட்டு வைத்தாள். முதல் கூட்டத்துக்கு ஆறேழு பேர்தான் போனார்கள். பக்கத்துக் காம்பரா அங்கம்மா மட்டும் கேலி செய்தாள்.

“பூசாரி திருநீறு குடுத்தாலும் நீ மோந்து பாத்துட்டுத்தான்டி பூசுவ.”

ஸஹ்ரா பிள்ளைக் காம்பராவுக்கே வந்து, தேவைப்பட்டால் பேசுங்கள் என்று தன் நம்பரைச் சொன்னாள். வள்ளியம்மை அதைப் போனில் ‘துணிக்கடை’ என்று போட்டு வைத்தாள். அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருப்பதற்காகத்தான் போட்டு வைத்தாள்.

ஒரு மழைக்காலத்தில் லோகநாயகி வந்தாள். வெலிமடையிலிருந்து வருவதாகச் சொன்னாள். ஒரு பை நிறைய லீக்ஸும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தாள். சிவஞானத்தின் மனைவி கமலவேணிக்கு ஒரு சின்னம்மா இருந்தாள். சொந்தபந்தம் பாதி இந்தியாவுக்குக் கப்பலேறிய காலத்தில், அந்தச் சின்னம்மா வெலிமடைப் பக்கம் கல்யாணம் கட்டிப் போய்த் தொடர்பு விட்டுப்போனவள். லோகநாயகி தன்னை அந்தச் சின்னம்மாவின் மகள் என்று சொன்னாள். கமலவேணி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். தாய்வழியில் தனக்கு யாருமே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தவள் அவள்.

லோகநாயகி அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். டுபாயில் ஒரு பெரிய கடையில் பெண் பிள்ளைகளைக் கேட்கிறார்கள், துவாரகாவுக்கு ஏற்ற வேலை என்றாள். முதலில் விசிட் விசாவில் போய், பிறகு அங்கேயே மாற்றிக்கொள்ளலாமாம். பாஸ்போர்ட் வேலைக்கென்று துவாரகாவின் அடையாள அட்டையையும் வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். துவாரகாவுக்குப் பத்தொன்பது வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். காலைப் பெரட்டில் நின்று கொழுந்தெடுக்கப் போவதில்லை என்று பிடிவாதமாக இருந்த பிள்ளைக்கு டுபாய் என்றதும் கால் தரையில் நிற்கவில்லை.

வள்ளியம்மை லோகநாயகியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சு சரியாக இருந்தது. ஊர் பேரெல்லாம் சரியாகச் சொன்னாள். ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று பிடிபட அவளுக்குச் சில நாள் எடுத்தது. லோகநாயகி கமலவேணிக்குத் தங்கை முறை என்றால் சிவஞானத்துக்குக் கொழுந்தியாள். லயத்தில் எந்தக் கொழுந்தியாளாவது மச்சானைச் சும்மா விடுவாளா? தலை நரைத்தால் கேலி, வேட்டி நழுவினால் கேலி, சாப்பாட்டில் உப்புக்குப் பதில் சீனி. இவளோ சிவஞானம் உள்ளே வந்தால் எழுந்து நின்றாள். கணக்கப்பிள்ளை முன்னால் நிற்பதுபோல் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். ‘மச்சான்’ என்ற சொல் அவள் வாயில் வாடகைக்கு எடுத்த சட்டைபோல் இருந்தது.

துவாரகாவை ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப்போக லோகநாயகி வந்து தங்கியிருந்தாள். பயணத்துக்கு முதல் நாள் காலை, பனியும் தூறலும். சிவஞானம் விறகுக் கட்டோடு படியேறினான். பாசிக்கல்லில் கால் வழுக்கியது. வாசலில் நின்ற லோகநாயகி பதறிப்போய், “அண்ணே, பாத்து” என்றாள்.

சிவஞானம் விழவில்லை. விறகுதான் சரிந்தது. எல்லோரும் விறகைப் பொறுக்கினார்கள். வள்ளியம்மை மட்டும் குனியவில்லை. பதறுகிற வாய்க்கு வேஷம் தெரியாது. மச்சான் முறையில் வளர்ந்தவளுக்குப் பதற்றத்தில் வரக்கூடாத சொல் அது. அக்கா புருஷனை அண்ணன் என்று எவளும் கூப்பிடமாட்டாள். கூப்பிட்டால் அக்கா கல்யாணமே முறைகெட்டதாகிவிடும்.

அவள் கமலவேணியைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். கமலவேணிக்குக் கோபம் வந்தது. வாய் தவறி வந்திருக்கும் என்றாள். எனக்கென்று ஒரு ஆள் வந்திருக்கிறது, அதுவும் உங்களுக்குப் பொறுக்கவில்லையா மதினி என்று கேட்டாள். துவாரகா வந்து நின்று கேட்டது அதைவிடக் கூர்மையாக இருந்தது.

“நீங்க புள்ளைக் காம்பராவுலயே கெடக்குறீங்கன்னு நானும் இங்கயே கெடக்கணுமா அத்தை?”

வள்ளியம்மை திரும்பி நடந்தாள். பிள்ளைக் காம்பராவுக்குப் போய், குழந்தைகள் தூங்கியதும் ‘துணிக்கடை’ நம்பரை எடுத்தாள். இரண்டு தடவை அழுத்தி, அழுத்தியதும் வெட்டினாள். ஸஹ்ராதான் திருப்பிக் கூப்பிட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு, அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, நாளை அப்புத்தளை ரயில் நிலையத்துக்கு நானும் வருகிறேன் என்றாள். கேட்டதும் வள்ளியம்மைக்குச் சந்தேகம் மறுபடி மூண்டது. இவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

“ஒங்களுக்கு இதுல என்னங்க கெடைக்குது?” என்று கேட்டே விட்டாள்.

“எங்கட ராத்தா ஹம்ஸியா வெளிநாடு போய் வந்தவ,” என்று தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள் ஸஹ்ரா. “அஞ்சு வருசமாகுது. இன்னும் வீட்டு வாசலத் தாண்டல்ல.”

வள்ளியம்மை பாதி நம்பினாள். மற்றப் பாதியை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வழியனுப்ப நானும் வருகிறேன் என்று அவள் தம்பி குடும்பத்தோடு பஸ் ஏறினாள். அப்புத்தளையில் பனி மேடையின் மறுகோடியை மறைத்திருந்தது. ரயில் தாமதம். ஸஹ்ரா வந்தாள். கூடவே ஒரு ஆண் வந்தான். யார் இவன் என்று வள்ளியம்மை கேட்டாள். ஆட்டோ ஓட்டும் புஹாரி நானா, அண்ணன் மாதிரி என்று ஸஹ்ரா சொன்ன பிறகும் அவன் கையைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

ஸஹ்ரா லோகநாயகியிடம் எந்த ஏஜென்சி, அதற்குப் பதிவு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டாள். லோகநாயகி சிரித்தாள்.

“நாங்க சொந்தக்காரங்க பேசி முடிச்ச விசயம் தங்கச்சி. நடுவுல நீங்க யாரு?”

சிவஞானமும் ஸஹ்ராவைத்தான் முறைத்தான். கமலவேணி மகளின் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த நிமிடத்தில் அந்நியர் யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. வள்ளியம்மை ஓரடி முன்னால் வந்தாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள் அவள்.

“சொந்தம்னா, என் தம்பிய ஏன் அண்ணேன்னு கூப்புட்ட?”

“டவுன்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுறது மதினி,” என்றாள் லோகநாயகி. சட்டென்று வந்த பதில். நல்ல பதில். கமலவேணி தலையாட்டினாள்.

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ரயில் ஊதியது. லோகநாயகி துவாரகாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். வள்ளியம்மை மற்றக் கையைப் பிடித்தாள். முறை பேசி இனிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்ல அவளிடம் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதை அவள் துவாரகாவைப் பார்த்துச் சொல்லவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நானும் இதே டேசன்லதான் ஏறுனேன். மூணு வருசம் குசினியில வச்சிப் பூட்டுனாங்க. சாவி அந்த வீட்டு ஐயாகிட்ட இருந்துச்சு. அவரு நெனைச்ச நேரம் தொறப்பாரு.”

கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சிவஞானம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அக்காவின் வெட்டிய தலைமுடி அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவன் லோகநாயகியிடம் கையை நீட்டினான்.

“புள்ளையோட ஐடியக் குடு.”

பத்திரமாக இருக்கட்டும் மச்சான் என்றாள். அவன் நீட்டிய கையை எடுக்கவில்லை. ரயில் நின்றது. ஸஹ்ரா போனைக் காதில் வைத்துக்கொண்டு பொலிஸ் என்று சிங்களத்தில் ஏதோ பேசினாள். லோகநாயகி கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினாள். நல்லது செய்ய வந்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் ஏறினாள். ஜன்னல் பக்கம் அவள் முகம் தெரியவில்லை.

அன்றே ஸஹ்ரா அவர்களைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் முறைப்பாடு எழுத வைத்தாள். லோகநாயகியின் போன் வேலை செய்யவில்லை. வெலிமடையில் விசாரித்தார்கள். கமலவேணியின் சின்னம்மா பிள்ளையில்லாமலே எப்போதோ செத்துப்போயிருந்தாள். அந்தச் சின்னம்மாவின் பேரை இவளுக்கு யார் சொன்னது என்பது மட்டும் கடைசிவரை தெரியவரவில்லை. இந்த லயத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம். வள்ளியம்மை ஒவ்வொரு வாசலாக நினைத்துப் பார்த்தாள்.

ரயில் நிலையத்தில் அவள் சொன்னது அவளுக்கு முன்னால் லயத்துக்கு வந்து சேர்ந்தது. சிலர் பார்வையை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அங்கம்மா ஒருநாள் பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து, கேலி எதுவும் இல்லாமல் உட்கார்ந்தாள். வெளிநாட்டில் இருக்கும் தன் மகள் போன் எடுத்து மூன்று மாதமாகிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வள்ளியம்மை ஸஹ்ராவின் நம்பரைக் கொடுத்தாள். ஸஹ்ரா வள்ளியம்மையைக் கூட்டத்தில் பேசச் சொன்னாள். அவள் மாட்டேன் என்றாள். பின்வரிசையில் போய் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்தாள்.

துவாரகா வாரக்கணக்கில் அவளோடு பேசவில்லை. அந்த வேலை உண்மையாகவும் இருந்திருக்கலாம் என்று தாயிடம் சொன்னாளாம். வள்ளியம்மை அதை மறுக்கப் போகவில்லை. ஒரு பின்னேரம், தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, துவாரகா வந்து கதவோரம் நின்றாள். வள்ளியம்மை தொட்டில் சேலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒங்கள யாரு அத்தை கூட்டிட்டுப் போனது?”

வள்ளியம்மை சேலையைக் கீழே வைத்தாள்.

“எங்க சித்தப்பா. அப்பாகூடப் பொறந்தவரு. மகளேன்னுதான் கூப்புடுவாரு. ரயிலுக்குச் சாப்பாடு கட்டிட்டு வந்தாரு.”

“அவருக்குத் தெரியுமா, அந்த வீடு எப்படின்னு?”

“அதத்தான் நானும் இத்தன வருசமா யோசிக்கிறேன்.”

துவாரகா உள்ளே வந்து, கூரை மரத்தில் இறுகியிருந்த கடைசித் தொட்டில் முடிச்சை எட்டி அவிழ்க்கத் தொடங்கினாள்.