கூட்டாத வாசல்

நான் இப்போது குடியிருக்கும் ஜெர்மன் ஊரில் ஒரு விதி இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் விழும் இலைகளை அந்த வீட்டில் இருப்பவர்களே கூட்டி அள்ள வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு நம்முடையது. அக்டோபர் பிறந்துவிட்டால் எதிர்வீட்டுப் பெரியவர் காலையில் என் கதவைத் தட்டுவார். வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை, என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு மிகவும் மரியாதையாகத் தரையைப் பார்ப்பார். அவ்வளவுதான். நான் துடைப்பத்தோடு இறங்கிவிடுவேன். சிறுவயதில் எந்த வேலைக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே ஓடினேனோ, அதே வேலையைக் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு செய்வதற்காக இத்தனை தூரம் விமானம் ஏறி வந்திருக்கிறேன். நடுவயது நெருங்குவதால் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏனென்றால், 'வாசலைக் கூட்டாதீர்கள், இலைகள் அப்படியே கிடக்கட்டும்' என்று என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாகச் சொன்னவர் இதே நாட்டுக்காரர்தான்.

அப்போது எனக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீடு திருப்பூரின் ஓரத்தில், பனியன் கம்பெனிகளும் சோளக்காடும் மாறி மாறி வரும் ஒரு தெருவில் இருந்தது. அப்பா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாசலில் ஒரு நாட்டு பாதாம் மரம். மாசி மாதம் வந்தால் அதன் இலைகளெல்லாம் செக்கச் சிவந்து, ஒவ்வொன்றும் ஆளின் உள்ளங்கையைவிடப் பெரிதாக, நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். காலையில் அவற்றைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவது என் வேலை. என் கோலத்தை மிதிக்காமல் வீட்டுக்குள் வருவது யாருக்கும் எளிதல்ல. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வேறொரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வருகிறவர்களோடு பேசுவதும், அவர்கள் கேட்ட கலரில் கேட்ட தேதிக்குச் சரக்கு போகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. சாமளாபுரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தார். பெரியம்மா என்றால் அம்மாவின் ஒரே அக்கா. மத்தியானச் சோறு எங்கள் வீட்டில், இரவுச் சோறு அங்கே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிய ஒரே வண்டி மாமாவின் பைக்தான். மற்றப் போக்குவரத்து எல்லாம் என் காதுகுத்தோடு நின்றுபோயிருந்தது.

காதுகுத்துக்குப் பெரியம்மாவை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். அந்த வாரம் அப்பாவின் கம்பெனியில் ஷிப்மெண்ட். அதனால் போனில் சொல்லிவிட்டார்கள். "போன்ல கூப்புட்டா வர்றதுக்கு நான் என்ன பந்தல் போடறவளா?" என்று பெரியம்மா கேட்டதாகத் தகவல் வந்தது. வரவில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. அழைக்காமல் அவள் வரமாட்டாள். வராதவளை இனி எதற்கு அழைப்பது என்று அம்மாவும் இருந்தாள். ஆனால் மாமாவுக்குச் சோறு போடும்போதெல்லாம் ஒரு விசாரணை நடக்கும்.

"நேத்து அங்க என்ன கொழம்பு?"

"கொள்ளுப் பருப்புங்க்கா."

"அவளுக்குக் கொள்ளு சேராதே. முட்டி வலி எப்படி இருக்குதாமா?"

"போய்க் கேளுங்களே. பஸ்ஸு ஓடுதில்லீங்க?"

"எனக்கென்னத்துக்கு? சும்மா கேட்டேன். ரசம் ஊத்தட்டுமா?"

ஒரு மாசி மாதப் புதன்கிழமை மாமா அந்த ஜெர்மன்கார அம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் துணிகளுக்குக் கலர் முடிவு செய்கிறவர். அவர்கள் ஊரில் இலை உதிரும் காலத்துக்குப் போட வேண்டிய கனத்த பனியன்களை எங்கள் ஊரில் வேர்த்து விறுவிறுக்கத் தைப்பார்கள். அதற்கான கலரைச் சொல்லத்தான் வந்திருந்தார். ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிட்டதால், மாமா அவரைத் தயிர்சோற்றுக்கு அழைத்து வந்தார்.

தயிர்சோறு காத்திருந்தது. அந்த அம்மாள் வாசலைத் தாண்டவில்லை. மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலையிலிருந்து விழுந்து கிடந்த இலைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா பதறிப்போனாள். "தம்பி, மயக்கமா? தண்ணி மொண்டாரட்டுமா?"

"இல்லீங்க்கா. கவனிக்கறாங்க."

"எதைய?"

"இலை உழுகற சத்தத்தை."

அம்மாவும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தாள். "உழுந்தா கூட்டோணும். இதுல கவனிக்கறதுக்கு என்ன இருக்குது?"

கண்ணைத் திறந்த அந்த அம்மாள் ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அதில் சிவப்பு, கடுகு மஞ்சள், துருப்பிடித்த இரும்பின் நிறம் எல்லாம் இருந்தன. மாமாவிடம் வேகமாக ஏதோ பேசினார். மாமா அதை மெதுவாக, பயந்துகொண்டே மொழிபெயர்த்தார். சாயப்பட்டறையில் துணித்துண்டுகளுக்குக் கலர் போட்டு எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை வருவாராம். இந்த இலைகளோடு ஒத்துப் பார்த்துப் படமும் எடுப்பாராம். அதுவரை வாசலைக் கூட்டக்கூடாது. தண்ணீர் தெளித்தால் நிறம் மாறிவிடும் என்பதால் அதுவும் கூடாது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசக் கூட்டாம, கோலம் போடாம உட்டா ஊடு வெளங்குமாடா?"

"ரெண்டே நாளுங்க்கா. இந்தக் கலர் ஓகே ஆச்சுன்னா ஆர்டர் மொத்தமும் எம்பட கையில வரும்."

அம்மா யோசித்தாள். நான் யோசிக்கவே இல்லை. விளக்குமாற்றை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இயற்கையை அதன் போக்கில் விட வேண்டும் என்ற கொள்கையில் எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட பற்று இன்றுவரை போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் என்னை இலைகளுக்குக் காவல் வைத்தார்கள். பாதாம் இலை என்றால் ஆடுகளுக்கு உயிர். தெருவில் இருந்த வெள்ளாடுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல வந்தன. நான் குச்சியோடு நின்றபோதுதான் கவனித்தேன், தெருவே எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வாசல் கூட்டாமல், கோலம் இல்லாமல் ஒரு வீடு விடிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே யாரோ போய்விட்டார்கள்.

பால்காரர் வழக்கமாக மணியடித்துக் கத்துவார். அன்று பூனைபோல வந்து பாலை ஊற்றிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், வேலைக்குக் கிளம்பியவர் திரும்பி வந்தார்.

"என்னக்கா, வாசத் தெளிக்கல? அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையா?"

"அவருக்கென்ன, உள்ள இட்லி திங்கறாரு. ஒரு வெள்ளக்காரம்மா வந்து இந்த இலையைப் பாக்கோணுமாமா. அதுக்குப் போட்டு வெச்சிருக்கறோம்."

அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வச்சுக்கிடாதீயக்கா. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க. சபைல சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லுதேன்."

இப்படி நாலைந்து பேருக்கு அம்மா விளக்கம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை. கடைசியில் வெறுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சாத்தியதும் தெருவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. அப்பா எப்போதும்போலப் பின்சந்து வழியாகக் கம்பெனிக்குப் போய்விட்டதால் அவரையும் யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் அடுத்தடுத்து மூன்று வீட்டிலிருந்து காபி வந்தது.

அன்று சாயங்காலம் அம்மா வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் முறமோ அரிவாள்மனையோ இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் கை லேசாக அசைந்தது, பிறகு அடங்கிக்கொண்டது.

"எங்க ஊட்லயும் இதே மரம் ஒண்ணு இருந்துச்சு கண்ணு," என்றாள். "ஆளுக்குப் பாதி கூட்டோணும்னு பேச்சு. உங்க பெரியம்மா பாதியையும் நாந்தான் கூட்டுவேன். அவ மேல ஏறி உக்காந்துட்டு, இன்னும் நாலு இலைய உலுக்கி உடுவா."

திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் டவுன் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஓர் அழுகைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு கையில் ஒயர்கூடையோடு பெரியம்மா வந்துகொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக.

நல்ல காரியத்துக்குத்தான் எங்களில் அழைப்பு வேண்டும். துக்க வீட்டுக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. வெற்றிலை வேண்டாம், போன் வேண்டாம், பழைய வருத்தங்களைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. காதில் விழுந்தால் கிளம்பிவிடலாம்.

இலைகளை மிதித்துக்கொண்டு நடு வாசல் வரை வந்த பெரியம்மா, "அய்யோ, என்ற தங்கச்சி ஊட்டுக்கு என்ன ஆச்சோ" என்று குரல் எடுத்தாள். தோசைக் கரண்டியோடு அம்மா கதவைத் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே தோசை தீய்கிற வாசம் வந்தது.

"யாருக்குடி என்ன ஆச்சு? மாப்ள நல்லா இருக்கறாரா?"

"எல்லாரும் நல்லாத்தேன் இருக்கறோம்."

"அப்பறம் எதுக்குடி வாசலை இப்படிப் போட்டு வெச்சிருக்கறே? கம்பெனி வண்டில வர்ற புள்ள ஒண்ணு சொல்லுச்சு, உங்க தங்கச்சி ஊட்டு வாசல்ல ரெண்டு நாளா கூட்டலீங்கன்னு. ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

"ஒரு வெள்ளக்காரி பாக்கோணும்னா. அதுக்கு உட்டது."

"வெள்ளக்காரிக்கு உட்டியா? கோலமில்லாத வாசலைப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

அம்மாவின் கரண்டி தாழ்ந்தது. "இப்படியாச்சும் வந்தியே," என்றாள்.  பெரியம்மா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

இதற்காகத்தானே தெரு இரண்டு நாளாகக் காத்திருந்தது. ஆணும் பெண்ணுமாக எல்லாரும் வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு, குளித்த ஈரத்தோடு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா வெளியே வந்தார். கூட்டம் முழுவதும் அவரையே பார்த்தது. இரண்டு நாளாக அவர்மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். அவர் உயிரோடு நிற்பதைப் பார்த்துச் சிலர் சந்தோஷப்பட்டார்கள். சிலர் முகத்தில் லீவு போட்டது வீணாகிவிட்டதே என்ற வருத்தமும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெர்மன்கார அம்மாள் மாமாவோடு காரில் வந்து இறங்கினார். ஒரு மரம், அதன் கீழே சிவந்த இலைகள், அவற்றின் நடுவே கட்டிப்பிடித்து அழும் இரண்டு பெண்கள், சுற்றிலும் மௌனமாக நிற்கும் ஒரு தெரு. அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கண்கள் கலங்கிவிட்டன. மாமாவிடம் ஏதோ கேட்டார், மாமா ஏதோ சொன்னார்.

"என்ன மாமா கேட்டாங்க?"

"இலை உழுகற காலம் வந்தா உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சேந்து வந்து பாப்பீங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்கன்னு சொல்லிட்டேன்."

கலர் ஓகே ஆனது. அந்தச் சிவப்பிலும் கடுகு மஞ்சளிலும் பனியன்கள் கப்பல் ஏறின. எங்கள் தெருவைப் பற்றி அந்த அம்மாள் தன் ஊரில் என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ தெரியாது. எதிர்வீட்டுப் பெரியவர் என் கதவைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் ஞாபகம் வரும்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அழுதபோதும், அம்மாவைக் கட்டிப்பிடித்தபோதும் அந்த ஒயர்கூடையை அவள் கீழே வைக்கவே இல்லை. இப்போதுதான் அதிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்தாள். அம்மா அதன் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு தன் அக்காவைப் பார்த்தாள். பெரியம்மா மரத்தைப் பார்த்தாள். காரில் துணித்துண்டுப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த மாமா அவசரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

 அம்மா போசியை என்னிடம் நீட்டி, "தின்னு கண்ணு" என்றாள்.

உள்ளே கச்சாயம். எனக்கு உயிரான பண்டம். இன்னும் சூடு ஆறவில்லை, விரலில் எண்ணெய் ஒட்டியது. நான் வாசலில் நின்றபடியே தின்னத் தொடங்கினேன். முதல் நாளே அரிசி ஊறவைத்து, இடித்து, வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்து வைத்தால்தான் மறுநாள் விடியலில் கச்சாயம் சுட முடியும். அதோடு, நெருங்கிய வீட்டில் ஒரு துக்கம் என்று காதில் விழுந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கமாட்டார்கள். பத்து வயதில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது. வாய் நிறைய இருந்தது.