கல்லீரலுக்குக் கரும்புச்சாறு

கடலூரில் அரிசிக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் சாராய வாசனையே ஆகாதவர். அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் சொன்னபோது, பயத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது. "மெஷின்ல கோளாறு. நான் என்னா குடிகாரனா?" என்றார். இனிப்பையும் எண்ணெயையும் குறைத்து, இதயத்தையும் ஒருமுறை பரிசோதிக்கும்படி டாக்டர் சொன்னது காதில் ஏறவே இல்லை. அவர் கவலையெல்லாம் சிதம்பரத்தில் இருக்கும் என் அண்ணனைப் பற்றித்தான். கேலி பேசுவதற்கென்றே பிறந்த மனிதர் என் அண்ணன். "ஒங்கண்ணனுக்குத் தெரிஞ்சா, நான் திருட்டுத்தனமா தண்ணி போடுறேன்னு போற எடமெல்லாம் மானத்த வாங்கிடுவாரு. மூச்சு விடாத" என்று எனக்கு உத்தரவு.

எங்கள் பக்கம் கல்லீரல் என்றாலே மஞ்சள் காமாலைதான். காமாலைக்கு என்ன வைத்தியமோ அதையே இவரும் ஆரம்பித்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். உப்பையும் எண்ணெயையும் தள்ளினார். ஆனால் காமாலைக்காரருக்குக் கரும்புச்சாறு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு, கேட்கவா வேண்டும்? சொம்பு சொம்பாக உள்ளே போனது. "இனிப்பக் கொறைக்கத்தான சொன்னாங்க?" என்றேன். "இது மருந்து" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அண்ணன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். மொட்டை மாடியில் பந்தி. பாதிப் படியில் இவர் நின்றுவிட்டார். கை நெஞ்சில் இருந்தது, சட்டை நனைந்திருந்தது. "கேஸுதான். ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்றார். வீட்டுப் படி ஏறும்போதும் முன்பு இதையேதான் சொல்லியிருந்தார். "படி ஏறுனா மட்டும் வர்ற கேஸா?" என்று கத்தினேன். அண்ணன் ஓடி வந்தார். பந்தியை அப்படியே விட்டுவிட்டு அவர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எவ்வளவு நாளாக வலி என்று டாக்டரம்மா கேட்டார். இவர் என் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னிக்குத்தான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இவருக்குக் கல்லீரல்ல கொழுப்பு. நீ கேலி பண்ணுவேன்னுதான் மறச்சாரு. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுக்க."

அண்ணன் சிரிக்கவில்லை. இவரும் வாயைத் திறந்தார். "ரெண்டு மாசமா இருக்கு டாக்டர். மூட்டை தூக்குனாலும் வருது."

"குடிக்காதவங்களுக்கும் இது வரும்" என்றார் டாக்டரம்மா. "கல்லீரல்ல கொழுப்பு சேர்ற ஒடம்புல ரத்தக் குழாயும் கெடும். சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் ஏறி உள்ள அடைச்சுக்கும்." கரும்புச்சாற்றைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். இதயத்துக்குப் போகும் ஒரு குழாய் பெரும்பாலும் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மனிதர் பிழைத்தார். இன்னும் கொஞ்ச நாள் சோடாவிலேயே ஓட்டியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார்.

வார்டுக்கு மாற்றிய அன்று சாயங்காலம் அண்ணன் பார்க்க வந்தார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "கேலி பண்ணணும்னா பண்ணிக்குங்க மச்சான். குடிக்காமத்தான் வந்துச்சு" என்றார்.

அண்ணன் கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, போன வருசம் ஸ்கேன்ல எனக்கும் இதான் வந்துச்சு. நீங்க சிரிப்பீங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்லல."

நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். "வாண்ணே. டாக்டரம்மா இன்னும் போகல."