மூளிக் கார்

சமயநல்லூருக்கு மேற்கே, வாய்க்காலைத் தாண்டியதும் எங்கள் ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது. ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து பெரியப்பா அதை வாங்கி வந்து, மாட்டுக் கொட்டிலில் பாதியை ஒழித்து நிறுத்தினார். மாடுகளுக்கு அது பிடிக்கவில்லை. பெரியம்மாவுக்கும் பிடிக்கவில்லை.

கறுப்பு நிறக் கார். மூக்கில் சிறகு விரித்த பறவை ஒன்று, இரண்டு பக்கமும் கதவோடு ஓடிய நிக்கல் பட்டைகள், சக்கரங்களின் நடுவில் முகம் பார்க்கும்படியான வட்டத் தகடுகள். பெரியப்பா தான் குளிப்பதற்கு முன்னால் இவற்றைத் துடைத்துவிடுவார். "சக்களத்தியக் குளிப்பாட்டியாச்சா? இனிமே இங்கிட்டும் கொஞ்சம் பாக்கலாமா?" என்று அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வரும். பறவைக்கு மூக்குத்தி என்றும் பட்டைக்கு ஒட்டியாணம் என்றும் பேர் வைத்தவளே அவள்தான். இத்தனைக்கும் அவள் மேலேயும் நகைக்குக் குறைவில்லை. சண்டை போடுவதுபோல் ஆரம்பித்து இருவரும் சிரிப்பில் முடிப்பார்கள்.

ஓர் ஆடி மாதம், காய்ச்சலில் படுத்த பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. கருமாதி அன்று பெண்கள் பெரியம்மாவை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிள்ளைகளை விடவில்லை. வெளியே வந்தபோது அவள் கழுத்து, காது, மூக்கு எதிலும் ஒன்றுமில்லை. யாரோ வேறு பெண் வருவதாக நினைத்தேன். அவள் அழவில்லை. வாசலைக் கடந்து கொட்டிலைப் பார்த்தாள். அங்கே கார் ஒன்றும் அறியாததுபோல் பளபளவென்று நின்றது.

"தம்பி, அவளுக்கும் கழட்டிருங்க" என்றாள் என் அப்பாவிடம்.

அப்பா ஒருநாளும் மதினி பேச்சைத் தட்டியதில்லை. அன்றைக்கு எங்கே தட்டுவது? டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் திருப்புளியின் நுனியில் துணியைச் சுற்றி, பட்டைக்கு அடியில் கொடுத்து மெதுவாக நெம்பினார். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பட்டை வளைந்துவிடும், பெயிண்டும் பெயர்ந்துவிடும். பின்னால் இருந்த கவ்விகள் ஒவ்வொன்றாக 'டக்' என்று விட்டன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெரியப்பாவுக்கு அழாதவள் காருக்கு அழுதாள் என்று அம்மா வெகுகாலம் என்னைக் குத்திக்காட்டினாள். அப்பாதான் என்னைத் தூக்கி, "துக்கம் முடியட்டும் ஆத்தா, எல்லாத்தையும் திரும்ப மாட்டிருவோம்" என்று சமாதானம் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன்.

கழற்றியதையெல்லாம் பெரியம்மா ஒரு சேலையில் சுற்றித் தன் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அதற்கப்புறம் கார், பக்கமெல்லாம் ஓட்டைகளோடு, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தது. தெருப் பையன்கள் அதை மூளிக் காரு என்று கத்திக்கொண்டே துரத்தினார்கள். நகையில்லாத பெண்ணுக்குச் சொல்லும் வார்த்தை அது. எங்கள் வீட்டுக்குள் அதை யாரும் உச்சரிக்க மாட்டோம்.

அடுத்த வருஷம், பெரியம்மாவின் ஒரே மகளான அக்காவுக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டுக் கார் வர வேண்டும், ஆனால் மூளியாக வரக்கூடாது, அபசகுனமாம். வந்தால் மாப்பிள்ளை ஏறமாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்யாணமே அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. கேட்க வேண்டியவர் அப்பா. அவர் பெரியம்மா முன்னால் போய் நிற்பார், மழை இல்லை என்பார், எருமை சரியாகக் கறக்கவில்லை என்பார், திரும்பி வந்துவிடுவார். கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

"பெட்டிச் சாவிதான வேணும்? அதுக்கு ஏன் தம்பி எருமையத் திட்டுறீக?"

பெட்டியைத் திறந்தார்கள். கறுத்துப் போயிருக்கும், நாலு நாள் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். சேலையைப் பிரித்தால் எல்லாம் கண்ணைப் பறித்தது. உள்ளேயிருந்து திருநீற்று வாசனை வந்தது. வெள்ளிப் பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் இத்தனை நாளும் அவள் திருநீறு போட்டுத் தேய்த்து வந்திருக்கிறாள். அப்பா அந்தப் பறவையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாட்டுவது கழற்றுவதைவிடப் பெரும்பாடு. உடைந்த கவ்விகளுக்கு டிரைவர் கம்பியை வளைத்துப் புதிதாகச் செய்தார். அப்பா ஒரு முனையைப் பிடிக்க, அவர் உள்ளங்கையால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். "முன்பக்கம் சரியுது, தூக்கிப் பிடிங்க" என்று பெரியம்மா வாசற்படியிலிருந்தே சொன்னாள். வேலை முடிந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா சொன்ன சொல் பலித்துவிட்டது. துக்கம் முடிந்துவிட்டது.

மறுநாள் எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். நல்ல காரியத்துக்குப் போகும்போது பெரியம்மா எதிரே வரக்கூடாதாம். அதனால் பெற்ற மகள் காரில் ஏறுவதை அவள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு மாட்டுவண்டியில் தனியாக வருவதாக ஏற்பாடு. எனக்கு மட்டும் அவள் தெரிந்தாள்.

"பெரியம்மா, காருக்கு எல்லாத்தையும் மாட்டியாச்சு. உங்களுக்கு எப்ப மாட்டுவாக?" என்று கேட்டேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்மா என் வாய் மேலேயே ஒன்று வைத்தாள். பல்லில் உதடு பட்டு ரத்தம் வந்தது. பெரியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சகுனம் கிகுனம் எதையும் பார்க்காமல் காருக்கு நேர் முன்னால் நடந்து வந்து, முந்தானையால் என் வாயைத் துடைத்தாள்.

"புள்ளைய ஏன் அடிக்கிற? இம்புட்டுப் பேருல அவ ஒருத்திதான் கேட்டா."

டிரைவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், திருப்பரங்குன்றம் போய்ச் சேரும்வரை நிமிரவே இல்லை. அடி வாங்கியது நான். அவர் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், எனக்கு விளங்கவில்லை.