எந்தக் கால் முதலில்

ஈஸ்வரிக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். புருஷன் போன பிறகு காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டவள். தினமும் டவுன் பஸ் ஏறி ஒரு ஜவுளிக்கடையில் பில் போடப் போய்க்கொண்டிருந்தாள். போன வருஷம் அப்பா வீரையாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனதும் வேலையை விட்டாள். காரைக்குடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த தம்பி அருள்பாண்டி, "அக்கா, நீ இருக்கப் போயித்தான் நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்று போனில் சொன்னான். அவன் தூங்கினான், இவள்தான் தூங்கவில்லை.

வீரையா வயலில் நிமிர்ந்து நடந்த மனிதர். படுக்கையிலேயே எல்லாம் போவதைவிடச் செத்துப்போவது மேல் என்று மகளிடம் சொல்லிவிட்டார். கொல்லையில் இருக்கும் கக்கூஸுக்குத் தன் காலால் நடந்து போய் வர வேண்டும். மிச்சமிருக்கும் நாளில் அவர் கேட்டது அது ஒன்றுதான். ஈஸ்வரியும் அதற்குக் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

பிசியோதெரபி பார்க்கும் தேவிகா காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சொல்லிக்கொடுத்தாள். விழித்ததும் எழுந்து நடக்கக் கூடாது, தலைசுற்றல் அடங்கும்வரை கட்டிலோரம் உட்கார வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும், அதனால் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். நிலையோரம் காலில் சிக்குகிற கால்மிதியை எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய வீரையா கடைசி விஷயத்தில் முறுக்கிக்கொண்டார். படி ஏறும்போது நல்ல கால் முதலில் ஏற வேண்டுமாம். அவருக்கு நல்ல கால் இடது கால். கொல்லையிலிருந்து வீட்டுக்குள் வர ஒரு படி ஏறி நிலையைத் தாண்ட வேண்டும்.

"இடது கால எடுத்து வச்சா வீட்டுக்குள்ள வர்றது? வெளங்கிரும்."

"கக்கூஸுக்குப் போயிட்டு வர்றதுக்கு என்னப்பா சடங்கு? ஆலம் கரைச்சுச் சுத்தவா?"

வீரையா வாய் கோணச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து படிக்குப் பக்கத்தில் வந்ததும் ஈஸ்வரி, "நல்ல காலுப்பா" என்பாள். அவர் இடது காலைத் தூக்கி வைப்பார். வலது கால் பின்னாலேயே இழுபட்டு வந்து சேரும்.

ஆவணியில் அருள்பாண்டி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். பசுவும் கன்றும் போன பிறகு குடும்பத்து மூத்தவர் உள்ளே போக வேண்டும். வாசலில் சொந்தபந்தம் நெருக்கியடித்து நின்றது.

"வலது கால எடுத்து வச்சு வாங்க மாமா" என்றாள் தம்பி பெண்டாட்டி ரோகிணி. கூட நின்ற பொம்பளைகளும் அதையே சொன்னார்கள்.

வீரையா திரும்பி மகளைப் பார்த்தார். ஈஸ்வரிக்கு அத்தனை பேர் பார்வையும் முதுகில் குத்தியது. இடுப்புத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்ல காலுப்பா" என்றாள். இடது கால் உள்ளே போனது. குலவையிட வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். ரோகிணியின் முகம் செத்துப்போனது.

ஐப்பசியில் ரோகிணியின் மகள் அக்ஷராவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளைப் பையனுக்கு வேறொரு பெண்மேல் விருப்பம். அவனே போன் பண்ணிச் சொல்லிவிட்டான், அது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ரோகிணி காரில் வந்து இறங்கிக் கூடத்தில் நின்றுகொண்டே கேட்டாள்.

"புது வீட்டுல இடது கால வைக்கச் சொன்னீகளே மதினி, இப்ப மனசு குளுந்துச்சா?"

"அவரு விழுந்திருந்தா நீ வந்து தூக்கியிருப்பியா? ஒரு நாளாச்சும் இந்தத் துண்டப் புடிச்சிருக்கியா நீ?"

பேச்சு வளர்ந்தது. கூடத்திலேயே கிடந்த கட்டில் பக்கம் இரண்டு பேரும் திரும்பவே இல்லை. வீரையா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று ஈஸ்வரி நினைத்தது மடத்தனம். பக்கவாதம் அவர் காதை ஒன்றும் செய்யவில்லை.

அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கக்கூஸுக்குப் போய்விட்டு, படியேறுமுன் மூச்சு வாங்க வழக்கம்போல் கொல்லைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தொண்ட காயுது ஆத்தா. கொஞ்சம் தண்ணி கொண்டா."

தனியாக விடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நேற்றிலிருந்து பேசாத மனிதர் வாய் திறந்து கேட்கிறாரே. "எந்திரிக்கப்படாது, இந்தா வந்துட்டேன்" என்று உள்ளே ஓடினாள். தண்ணீர் மொண்டுகொண்டிருக்கும்போதே தொப்பென்று சத்தம் கேட்டது.

படிக்கும் நிலைக்கும் குறுக்கே கிடந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது. அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்ததும், "வலது காலத்தான் வச்சேன். அக்ஷராவுக்கு ஒண்ணும் கொறை வராது, சொல்லிரு" என்றார்.

ஈஸ்வரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ரோகிணி மேல், பாதியில் நின்ற குலவை மேல், தண்ணி என்றதும் ஓடிய தன்மேல்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனை உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எதற்கு அவர் பயந்தாரோ அதுவே வந்து சேர்ந்தது. துணி மாற்றும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆடு செடியைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே மாற்றுவாள். மார்கழியில் ஒரு நாள் அவர் போய்விட்டார்.

ரோகிணி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டவும் ஈஸ்வரிக்குத் தெம்பில்லை, கட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. கால் கட்டுவதற்குத் துணி கேட்டார்கள். அந்த இடுப்புத் துண்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

தூக்குகிறவர்கள் கால் முன்னால் வரும்படி திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். படி வந்ததும் பழக்கத்தில், "நல்ல காலுப்பா" என்று ஈஸ்வரியின் வாயில் வந்துவிட்டது. அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் இரண்டு கால்களும் ஒன்றாகவே படியைத் தாண்டின.